எழுதிக் கொடுக்காதது குற்றம்

இணையதளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்துக் காசு வாங்கியவர், அதை நடத்தும் முறையை எழுதிக் கொடுக்காமல் போனால், பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்கியவர் ஆகிறார். அந்தத் தளம் கட்டற்ற மென்பொருளில் கட்டியதாக இருந்தால் தவறு இன்னும் பெரிது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இலவசமாகக் கொடுத்ததை எடுத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட செயல் அது. கடுமையான வார்த்தைதான். திருச்சி பாலக்கரையில் நின்று பார்க்கும்போது இதைவிட மெல்லிய வார்த்தை நமக்குக் கிடைக்கவில்லை.

பாலக்கரை ரவுண்டானாவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ‘ஜெராக்ஸ், டிடிபி, பிளெக்ஸ், வெப் டிசைன்’ என்று நான்கு தொழிலையும் ஒரே பலகையில் எழுதிய சிறு கடைகள் கண்ணில் படும். காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரி, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம், டிராவல்ஸ் வைத்திருப்பவர், கல்யாண மண்டபத்துக்காரர், தேவாலயப் பங்கு, ஜமாத் என்று எல்லாருக்கும் இப்போது ஒரு வெப்சைட் வேண்டியிருக்கிறது. கட்டிக் கொடுக்கும் தம்பி பெரும்பாலும் வேர்ட்பிரஸை எடுப்பார். கொஞ்சம் பெரிய வேலை என்றால் ட்ருப்பல் அல்லது ஜூம்லா. சில வாரங்களில் தளம் ஏறிவிடும். குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைப்பவர்களும் உண்டு.

பிறகு தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும். நல்லது, கிடைக்கட்டும். ஆனால் டொமைன் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்குப் போகும். அட்மின் பாஸ்வேர்டு அவருடைய பழைய போனில் இருக்கும். ஒருநாள் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட, கடையின் பெயரைக் கூகுளில் தேடுபவருக்கு ஜப்பானிய எழுத்தில் போலிச் சரக்கு விளம்பரம் வந்து நிற்கும். முதலாளி வேறொரு தம்பியைப் பிடிப்பார். அவர் திறந்து பார்த்துவிட்டு, “இதைச் சரி பண்றதுக்குப் புதுசாவே கட்டிரலாம்ணே” என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. முன்னவர் எதை, ஏன், எப்படிச் செய்தார் என்று ஒரு வரி எங்கும் இல்லாதபோது வேறென்ன சொல்வது?

ஒருவர் இருவருக்கு நேர்ந்த துன்பம் என்றால் இதற்குத் தலையங்கம் தேவையில்லை. இது தொழில்முறையாகவே ஆகிவிட்டது என்பதுதான் நம் குற்றச்சாட்டு. பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது கடைவீதி மொழியில் ஏஎம்சி, என்ற பெயரில் ஆண்டுக்கு ஆண்டு பணம் வருவதே வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதால்தான் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் அடியிலுள்ள தொலைபேசி எண்ணை மாற்றக்கூட அவர்களைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த எண்ணை எங்கே மாற்றுவது என்று இரண்டு வரி எழுதி வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

அவர்கள் கையில் எடுத்தது எப்படிப்பட்ட பொருள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட், தன் நண்பர்களுக்காக எழுதிய செய்திப் பலகை 2001 ஜனவரியில் ட்ருப்பல் என்று வெளியானது. மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் கைவிடப்பட்டுக் கிடந்த வேறொரு மென்பொருளை எடுத்து வளர்த்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸாக வெளியிட்டார்கள். இன்று உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நான்கு வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. ஜூம்லா 2005-இல் பிறந்தது. மூன்றும் ஜிஎன்யூ பொது உரிமத்தில் வருபவை. பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்த உரிமத்தின் எந்த மூலையிலும் ‘கையேடு எழுதித் தரவேண்டும்’ என்ற வாசகம் கிடையாது. இந்த ஓட்டையைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எப்போதோ பார்த்துவிட்டார். கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடும் வேண்டும் என்று அவர் தனியாக வாதாடினார். கையேடுகளுக்கென்றே ஓர் உரிமம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. எழுதிய கையேட்டைப் பூட்டி வைக்காமல் இருக்க அந்த உரிமம் உதவும். எழுதாத கையேட்டை எழுத வைக்க எந்த உரிமத்தாலும் ஆகாது. அது மனசாட்சியின் வேலை. ஆகவேதான் இங்கே சட்டம் பேசாமல் நியாயம் பேசுகிறோம்.

இந்த மென்பொருள்களின் பெருமையே அவை வளைந்து கொடுப்பதுதான். ட்ருப்பலில் செய்தி, நிகழ்வு, விலைப்பட்டியல் என்று உள்ளடக்க வகைகளை நாமே உண்டாக்கலாம். ஒவ்வொன்றிலும் என்னென்ன விவரம் நிரப்ப வேண்டும், யார் எழுதலாம், யார் திருத்தலாம், முகப்பில் எது எந்த வரிசையில் வரவேண்டும் என்பதெல்லாம் கட்டுகிறவரின் முடிவு. ஒரே ட்ருப்பலை வைத்து ஒருவர் செய்தித்தாள் நடத்துவார், இன்னொருவர் பல்கலைக்கழகத் தளம் நடத்துவார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே தாய்ப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. ட்ருப்பலின் பொதுக் கையேட்டை எவ்வளவு அழகாக எழுதினாலும், எடத்தெருப் பள்ளி ஒன்றுக்காகக் கட்டிய தளத்தில் தேர்வு முடிவுகள் எந்த வகையில் கிடக்கின்றன, அது எந்த மாட்யூலைச் சார்ந்து நிற்கிறது, அந்த மாட்யூலை அப்டேட் செய்தால் எது உடையும் என்பது அந்தக் கையேட்டில் இருக்க முடியாது. அதை எழுதக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான், கட்டியவர். மென்பொருளின் கையேடு ஒன்று, தளத்தின் கையேடு இன்னொன்று. முதலாவதை எழுதும் பொறுப்பு உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இரண்டாவதின் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. வளைந்து கொடுக்கும் பொருளை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வளைத்தவர், எப்படி வளைத்தேன் என்று சொல்லியே ஆகவேண்டும்.

மென்பொருளின் கையேட்டை எழுதும் கடமையில் அதை உருவாக்கும் மூலவர்களும் முழுத் தேர்ச்சி பெற்றவர்கள் அல்லர். கிட்ஹப் நிறுவனம் 2017-இல் திறமூலச் சமூகத்திடம் நடத்திய ஆய்வில், முழுமையற்ற, காலாவதியான கையேடுகளின் தொல்லையைச் சந்தித்ததாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே ஆய்வில், கையேட்டு வேலைக்குத் தாங்கள் அரிதாகவே கை கொடுப்போம் அல்லது கொடுப்பதே இல்லை என்று பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். குறை சொல்பவரும் கை கட்டி நிற்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பது இதன் பொருள். நிரல் எழுதியவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்த நிரலை ஒரு பள்ளி எழுத்தர் புரிந்துகொள்ளும்படி விளக்கியவருக்கு ‘நன்றி’ என்று ஒரு சொல்லோடு கணக்கு முடிகிறது. இந்தப் பாகுபாடு அநீதி. அதை அமெரிக்கன் செய்தாலும் ஐரோப்பியன் செய்தாலும் அநீதிதான்.

எழுதிய கையேடும் நிலைப்பதில்லை. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது எழுதும் திரையே முழுக்க மாறிப்போனது. அதுவரை அச்சிட்ட புத்தகங்கள், எடுத்த பாடக் காணொளிகள், பயிற்சி நிலையங்கள் கொடுத்த நகல்கள் எல்லாவற்றிலும் இருந்த படங்கள் ஒரே வாரத்தில் பழைய காலண்டர் ஆயின. நன்னூலின் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுக்கிறது. இந்த மென்பொருள்களின் உதவிப் பக்கங்களைப் புரட்டினால் அவற்றில் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றை அன்றாடம் பார்க்கலாம். முதல் மூன்று படிகளைப் படத்தோடு விளக்கிவிட்டு, நான்காவது படியில் ‘பிறகு வழக்கம்போல் அமைத்துக்கொள்ளவும்’ என்று முடிக்கும் பக்கங்கள் எத்தனை! வழக்கம் தெரிந்தவன் ஏன் அந்தப் பக்கத்துக்கு வரப்போகிறான்?

ஆனாலும் மூலவர்கள் நல்ல உதாரணமும் காட்டியிருக்கிறார்கள். ட்ருப்பலின் பயனர் கையேடு அப்படிப்பட்டது. கருத்துருக்களை வரிசையாக அடுக்கி மிரட்டாமல், ஒரு கற்பனை ஊரின் உழவர் சந்தைக்குத் தளம் கட்டுவதாக வைத்துக்கொண்டு முழு மென்பொருளையும் அது கற்றுத் தருகிறது. சந்தையில் கடை போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். அவர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம், அடுத்தவர் பக்கத்தைத் தொட முடியாது. அவர்கள் சமையல் குறிப்பு எழுதினால், அதிலுள்ள காய்கறியின் பெயரை அழுத்தியதும் அதே காயில் செய்யும் மற்றக் குறிப்புகள் வரும். கடைசிப் பகுதிகளில் அந்தத் தளத்துக்கு இரண்டாவது மொழியாக ஸ்பானிஷ் சேர்ப்பது எப்படி என்றும் விளக்குகிறது.

இதைப் படிக்கும் திருச்சிக்காரருக்குப் பாலக்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள காந்தி மார்க்கெட்டும், தென்னூர் உழவர் சந்தையும் நினைவுக்கு வராமல் இருக்குமா? தமிழ்நாட்டில் உழவர் சந்தை 1999-இல் வந்துவிட்டது. ட்ருப்பலுக்கே அது மூத்தது. அந்தக் கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் உதாரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொட்டியம் வாழைக்காரருக்கு ஒரு பக்கம், பெரம்பலூர் சின்ன வெங்காயக்காரருக்கு ஒரு பக்கம், மணப்பாறை முறுக்குக்கு ஒரு பக்கம். சின்ன வெங்காயம் என்பதை அழுத்தினால் வத்தக்குழம்பும் சாம்பாரும் வந்து நிற்கும். இரண்டாவது மொழி ஆங்கிலம். கையேடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருக்கிறது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடுவதாக இருந்தால் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கலாம். அனுமதிக்கு மனுப் போட வேண்டாம், ராயல்டி கட்ட வேண்டாம். ட்ருப்பல் வளர்ச்சியில் இந்திய நிறுவனங்களின் உழைப்பு சிறிதல்ல; அந்த நிறுவனங்களில் தமிழர் குறைவும் அல்லர். தடை எங்கிருந்து வருகிறது என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

தமிழில் யாருமே எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. நித்யா துரைசாமியின் குனு/லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் நூல்கள் அந்த வழியில் வந்தவை. விலையின்றிக் கிடைக்கும் நூல்கள். விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி மென்பொருளுக்குத் தன்னார்வலர்கள் தமிழ் முகம் கொடுத்ததால்தான் 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ அதே மென்பொருளில் நிற்கிறது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ திட்டம், ட்ருப்பல் உட்படப் பல கட்டற்ற மென்பொருள்களுக்குச் சிறு சிறு பாடப் படங்கள் செய்து இந்திய மொழிகளில் குரல் சேர்க்கிறது. அவர்களிடம் நமக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. பாடத்தை எழுதியதும் துறை தெரிந்தவர் சரிபார்ப்பது ஒருபுறம் இருக்க, அந்த மென்பொருளையே அறியாத ஒரு புதியவரிடம் கொடுத்து, படித்தபடி செய்ய முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அவர் தடுக்கி விழுந்தால் பிழை பாடத்தினுடையது. பண்டிதர் பார்த்து ஒப்புதல் தருவதைவிட இது கடினமான தேர்வு. கையேடு எழுதும் ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ள வேண்டிய தேர்வு.

இவர்களெல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணப் பந்தியை நிரப்பமாட்டார்கள். ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலத்தின் பாரத்தை மாலை நேரத்து உழைப்பால் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விருது கொடுத்துச் சால்வை போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம். சால்வையைவிட இன்னும் இரண்டு கைகள் அவர்களுக்கு உதவும்.

அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன? திருச்சியில் இருக்கின்றன. கல்வி நகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இது. ஒவ்வொரு பங்குனி, சித்திரையிலும் பிசிஏ, எம்சிஏ, பிஎஸ்சி கணினி அறிவியல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஜெராக்ஸ் கடைகளுக்கு வந்து, இறுதியாண்டு புராஜெக்ட் ரெக்கார்டை அச்சிட்டு, ரெக்ஸின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்புப் பொறித்து வாங்கிப் போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பைண்டிங் செய்கிறவருக்குக்கூடத் தெரியும்: போன வருடத்து அண்ணனின் ரெக்கார்டு, அதற்கு முந்தைய வருடத்து அக்காவின் ரெக்கார்டு. ‘தற்போதைய முறை’, ‘முன்மொழியப்படும் முறை’ என்ற தலைப்புகளின் கீழ் வாக்கியங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. வைவா முடிந்ததும் ஒரு பிரதி துறையின் அலமாரிக்குப் போகும்; இடம் தீர்ந்ததும் எடைக்குப் போகும். இத்தனை தாளும் இத்தனை இரவும் யாருக்காக?

ஒரு மாணவி தன் தெருவிலுள்ள ஒரு பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தளம் கட்டி, அதை அங்குள்ள எழுத்தர் தனியாக நடத்தும்படி தமிழில் அறுபது பக்கம் எழுதினால், அது புராஜெக்ட் இல்லையா? வேர்ட்பிரஸ் உதவிப் பக்கங்களில் இருபதைத் தமிழாக்கி, மூலத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டு, அந்தத் திருத்தங்களின் பதிவைக் காட்டினால் மதிப்பெண் போடக்கூடாதா? நகலெடுத்த நிரலுக்கு மதிப்பெண் உண்டு, சொந்தமாக எழுதிய விளக்கத்துக்கு இல்லை என்கிற பாடத்திட்டம் பிள்ளைகளுக்குத் திருட்டைக் கற்றுக் கொடுக்கிறது. பாடத்திட்டக் குழுவில் கையெழுத்திடும் பேராசிரியர்கள் இதற்குப் பொறுப்பு. பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டோம். கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள்.

எழுதி வைப்பது நமக்கு அந்நியமான பழக்கம் என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் இருக்கிறது. அந்தக் கோயிலின் ‘கோயிலொழுகு’ என்னும் நூலைப் பக்தி நூலாக மட்டும் நினைப்பவர்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பணியாளர்களை இராமானுசர் பத்துக் கொத்தாக வகுத்தது, எந்தக் கொத்துக்கு எந்தக் கடமை, எந்த மரியாதை, எந்த மண்டபத்தை யார் கட்டினார், எது எப்போது மாறியது என்று பல தலைமுறைகள் கைமாற்றிக் கைமாற்றி எழுதிச் சேர்த்த உரைநடை அது. 1323-இல் டில்லிப் படை வந்தபோது வெளியேறிய உற்சவ மூர்த்தி 1371-இல்தான் திரும்பினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இடைவெளி. தெரிந்தவர்கள் பலர் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு முறைகள் மீண்டும் நிலைபெற்ற கதையையும் அதே ஒழுகு பதிவு செய்திருக்கிறது. எழுதியவர்கள் தங்கள் குடும்பத்தின் உரிமையைக் கொஞ்சம் தூக்கலாகவே எழுதியிருக்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சரிதான், எழுதுகிற கை எங்கும் அப்படித்தான். இருந்தும் எழுதினார்கள். அதனால்தான் எது தூக்கல் என்று இன்று நம்மால் வாதிடவாவது முடிகிறது. பெங்களூர் போன தம்பி விட்டுச்சென்ற தளத்தில் வாதிடவும் ஒன்றும் இல்லை.

எழுதாததன் விலை அசௌகரியத்தோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2014 அக்டோபர் 15 அன்று ட்ருப்பலின் ஏழாம் பதிப்பில் ஒரு பெரும் பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. அன்றே அடைப்பும் வந்தது. இரண்டு வாரம் கழித்து ட்ருப்பல் பாதுகாப்புக் குழு சொன்ன செய்தி வயிற்றைக் கலக்கியது: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத ஒவ்வொரு தளமும் ஏற்கெனவே பிறர் கைக்குப் போய்விட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம்! தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்றே எழுதி வைக்காத இடத்தில் ஏழு மாதம் கொடுத்தாலும் என்ன ஆகும்? 2016-இல் உலகையே உலுக்கிய பனாமா ஆவணங்கள் வெளிவந்தபோது, அவை கசிந்த சட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளம் சில ஆண்டுப் பழைய ட்ருப்பலில் ஓடிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். கசிவு அந்த வழியாகத்தான் நடந்தது என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் கோடிகளில் புரளும் நிறுவனத்தின் கதவே அப்படித் திறந்து கிடந்ததென்றால், பெற்றோரின் கைப்பேசி எண்களையும் பிள்ளைகளின் படங்களையும் வைத்திருக்கும் ஒரு சிறு பள்ளியின் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ட்ருப்பல் ஏழுக்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த வரியைப் படிக்கும் நிர்வாகிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் தளம் எந்த எண்ணில் ஓடுகிறது என்று தெரியும்?

அரசுக்கு வருவோம். அரசுத் தளங்கள் தரச் சான்று பெற வேண்டுமானால் தங்களுக்கென ஒரு தர நிர்ணயக் கையேடு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இலேயே அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில் டெண்டரில் ‘பயனர் கையேடு’ என்று ஒரு வரி இருக்கும்; பணம் பட்டுவாடா ஆகும் நாளில் ஒரு பிடிஎஃப் வந்து சேரும்; அதை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிவிப்பை ஏற்றப்போகிறவர் தமிழில் கோப்பு எழுதுகிற இளநிலை உதவியாளர். பக்கத்து வீட்டைப் பார்த்தாவது நாம் கற்கலாம். கேரளம் தன் பள்ளிகள் ஏறத்தாழ 15,000-ஐயும் மீடியாவிக்கியில் இயங்கும் ‘ஸ்கூல்விக்கி’ என்ற ஒரே தளத்தில் இணைத்திருக்கிறது. 2009 முதல் ஓடுகிறது. ஆசிரியர்களுக்கு மலையாளத்திலேயே சொல்லிக்கொடுத்து, அந்தந்தப் பள்ளியின் பக்கத்தை அந்தந்தப் பள்ளியே எழுதும்படி செய்தார்கள். மென்பொருள் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. அவர்கள் சொல்லிக்கொடுக்கச் செலவழித்தார்கள். நாம் கட்டிக்கொள்ள மட்டும் செலவழித்தோம்.

எதிர்வாதங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. எழுதிக் கொடுத்தால் மறுபடி நம்மைக் கூப்பிடமாட்டார்கள், பிழைப்பு போய்விடும் என்பது முதலாவது. இதைச் சொல்பவரின் பயம் உண்மையானது. சிறு கடை, சிறு வருமானம். ஆனால் வாடிக்கையாளரின் அறியாமையை வருமானமாக வைத்து நடத்துவது தொழில் ஆகாது, அது வட்டிக்கடை. தொலைபேசி எண்ணைத் தானே மாற்றத் தெரிந்தவர் புதிதாக ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்னும்போது நம்பிக்கையோடு அதே ஆளிடம்தான் வருவார். வராமலே போனாலும் நம் தீர்ப்பு மாறாது.

கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது இரண்டாவது. படிக்கும்படி எழுதியிருந்தால் படிப்பார்கள். யூடியூபில்தான் எல்லாம் இருக்கிறதே என்பது மூன்றாவது. யூடியூபில் உங்கள் பள்ளியின் தளம் இருக்கிறதா? இப்போது நான்காவதாக ஒன்று வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடும். வேர்ட்பிரஸில் படத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டால் சொல்லும், யாரோ ஒருவர் எங்கோ எழுதி வைத்ததால் சொல்லும். தமிழில் கேட்டால் தடுமாறும், தமிழில் போதுமான அளவு எழுதி வைக்காததால். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, போன ஆண்டு அந்த ஒரு மாட்யூலை ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டால் எந்த இயந்திரத்துக்கும் பதில் தெரியாது. தெரிந்தது போல் ஏதாவது சொல்லும். அது இன்னும் ஆபத்து.

வாடிக்கையாளரையும் விடுவதற்கில்லை. ‘கையேடெல்லாம் வேண்டாம், அந்தக் காசைக் குறைச்சுக்கோங்க’ என்று பேரம் பேசிய முதலாளி, பின்னால் தளம் போய்விட்டது என்று புலம்பும்போது பாதிப் பழி அவருடையது. பில்லில் கையேட்டுக்கென்று தனியாக ஒரு தொகை போடுவதில் வெட்கமில்லை. எழுதுவது உழைப்பு. இலவசமாக எழுதித் தரச் சொல்லி நாம் யாரையும் கேட்கவில்லை. எழுதாமல் காசு வாங்காதே என்றுதான் சொல்கிறோம்.

ஆகவே நம் தீர்ப்பு: முதற்குற்றம் கட்டிக் கொடுப்பவருடையது. இரண்டாவது, கேட்டு வாங்காத நிறுவனத் தலைமையுடையது. அரசு அலுவலகம் என்றால் அது மக்கள் பணம் என்பதால் இன்னும் ஒரு படி அதிகம். மூன்றாவது, பிள்ளைகளின் எழுத்தை எடைக்கு அனுப்பும் கல்வித்துறையுடையது. கடைசி இடத்தில், விளக்குகிறவரை இரண்டாந்தரமாக நடத்தும் உலக மென்பொருள் சமூகம்.

பள்ளிகள் வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்காகத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலையைக் கோடையில் கொடுக்கும்; கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடிக்கு முன் கொடுப்பார்கள். அந்த ஒப்பந்தத் தாளில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்கிறோம். டொமைனும் ஹோஸ்டிங்கும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். கையேடு தமிழில், பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, அச்சிட்டு வர வேண்டும். கட்டியவர் அறையில் இல்லாத நேரத்தில், இதுவரை அந்தத் தளத்தைத் தொட்டறியாத அலுவலக ஊழியர் ஒருவர் அந்தக் கையேட்டை மட்டும் பார்த்து ஓர் அறிவிப்பை ஏற்றி, ஒரு படத்தை மாற்றி, பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டுக் காட்ட வேண்டும். அவர் முடித்த பிறகு கடைசித் தவணைக்கான காசோலையில் கையெழுத்துப் போடுங்கள். முடிக்க முடியாமல் திணறினால், கையேட்டைத் திருத்தி வரச் சொல்லிக் காசோலைப் புத்தகத்தை உள்ளே வையுங்கள்.